வஜைனாவும் வல்வாவும்: சுட்ட முடியாத இடத்தில் சொல்

1

ஆங்கிலத்தில் வஜைனா, வல்வா என்று இரண்டு சொற்கள் இருக்கின்றன. இரண்டும் லத்தீனிலிருந்து வந்தவை. ஒலியில் நெருங்கியவை. பெண்ணுடலில் அடுத்தடுத்து இருப்பவற்றைக் குறிப்பவை. ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டவர்களிலேயே பலர் இரண்டாவது சொல்லைத் தொடுவதில்லை. முதலாவதையே இரண்டுக்குமாகச் சொல்லிவிட்டுப் போகிறார்கள். நம்மூரில் ஆங்கிலம் வழியாக இந்த விஷயங்களைப் படித்தவர்களும் அப்படித்தான்.

'இதெல்லாம் உடற்கூறியல் மாணவர்களின் கவலை, நமக்கென்ன வந்தது?' என்று கேட்கலாம். ஒரு குழந்தையின் வாக்குமூலத்திலும், நீதிமன்றம் விதிக்கிற தண்டனையின் அளவிலும், ஒரு பெண் மருத்துவரிடம் தன் வலியை எடுத்துச் சொல்கிற விதத்திலும் இந்த வேற்றுமை வந்து நிற்கிறது. அதனால்தான் இதைப் பற்றி எழுத வேண்டியிருக்கிறது.

முதலில் எது எது என்று தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். வெளியே கண்ணுக்குத் தெரிகிற பகுதி முழுவதும் வல்வா. மேலே ரோமம் வளரும் மேடு, வெளி இதழ்கள், உள் இதழ்கள், கிளிட்டோரிஸின் வெளியே தெரியும் முனை, அதற்குக் கீழே சிறுநீர் வெளியேறும் சிறு துளை, அதற்கும் கீழே வஜைனாவின் வாசல் எல்லாம் இதில் சேரும். அந்த வாசலிலிருந்து உள்ளே கருப்பையின் கழுத்துவரை செல்லும் தசைக் குழாய்தான் வஜைனா. அது வெளியே தெரிவதில்லை. சாதாரண நிலையில் அது திறந்து கிடக்கும் ஓட்டையும் அல்ல. அதன் சுவர்கள் ஒன்றோடொன்று ஒட்டியே இருக்கின்றன. மாதவிலக்கு அதன் வழியாக வெளியேறுகிறது, குழந்தை அதன் வழியாக வருகிறது, ஆண்குறி அதனுள் நுழைகிறது. சிறுநீருக்கு அதில் எந்த வேலையும் இல்லை.

'பையனுக்குப் பீனிஸ், பெண்ணுக்கு வஜைனா' என்று ஆங்கிலப் பள்ளிகளில் ஜோடி சேர்த்துச் சொல்லித் தருகிறார்கள். கருவியல் இந்த ஜோடியை ஒப்புக்கொள்வதில்லை. கருவில் ஆண், பெண் என்று பிரியாத ஒரே திசுமுகட்டிலிருந்துதான் ஆண்குறியும் கிளிட்டோரிஸும் உருவாகின்றன. ஒரே மடிப்புகளிலிருந்துதான் விதைப்பையும் வெளி இதழ்களும் உருவாகின்றன. அதாவது ஆண்குறிக்கு இணை வல்வாவில் இருக்கிறது. வஜைனா ஆண்குறியின் இணை அல்ல, அது புகும் இடம். இணையாக வைக்க வேண்டியதை விட்டுவிட்டு, புகும் இடத்தைக் கொண்டுவந்து இணை என்று வைத்திருக்கிறார்கள். இந்த ஒரு இடமாற்றத்தில் ஒரு பெரிய சொல்லாடலே அடங்கியிருக்கிறது.

2

சொற்களின் பழைய வரலாற்றைக் கொஞ்சம் பார்க்கலாம். லத்தீனில் 'வாகீனா' என்றால் வாளின் உறை. தானியக் கதிரைப் பொதிந்திருக்கும் தோலுக்கும் அதே சொல்தான். தாவரவியலில் புல் இனங்களின் இலையுறைக்கு இன்றும் அதுதான் பெயர். ஸ்பானிய மொழியில் அது 'வைனா' ஆகி, அதன் சிறுமை வடிவமான 'வைனிய்யா' நம் ஐஸ்கிரீமில் 'வெனிலா'வாக வந்து உட்கார்ந்திருக்கிறது. சிறிய உறை போன்ற காய் என்று பொருள். ஆணின் விதைகளைச் சுற்றியுள்ள மெல்லிய உறைக்கும் மருத்துவம் 'டியூனிகா வஜைனாலிஸ்' என்றே பெயர் வைத்திருக்கிறது. ஆக, அந்தச் சொல் தன்னளவில் பெண்ணுக்கு மட்டும் உரியதல்ல. ஒன்றைப் பொதிந்திருப்பது என்பதுதான் அதன் பொருள்.

ஐரோப்பிய உடற்கூறியலில் 17ஆம் நூற்றாண்டில்தான் அது இந்தக் குழாய்க்கு உரிய கலைச்சொல்லாக நிலைபெறுகிறது. வாள் யாருடையது என்று சொல்ல வேண்டியதில்லை. ஒரு உறுப்புக்கு அதனுள் நுழையும் இன்னொன்றை வைத்துப் பெயர் சூட்டப்பட்டது. குழந்தை வரும் வழி என்றோ ரத்தம் வரும் வழி என்றோ பெயர் வைத்திருக்கலாம். வைக்கவில்லை.

வல்வாவின் கதை வேறு மாதிரி. பழைய லத்தீனில் அது 'வொல்வா'. சுற்றி மூடுவது, போர்வை என்கிற பொருள். காளானின் அடியில் இருக்கும் கிண்ணத்துக்கு அதே பெயர் இன்றும் இருக்கிறது. ரோமானியர்களுக்கு அது கருப்பை. 1ஆம் நூற்றாண்டு மருத்துவ எழுத்தாளர் செல்சஸ் அந்தப் பொருளில்தான் எழுதுகிறார். லத்தீன் விவிலியமும் கருப்பையை அந்தச் சொல்லால் குறிக்கிறது. ரோமானிய விருந்துகளில் பெண் பன்றியின் 'வுல்வா' ஒரு விசேஷ உணவு. உள்ளே இருந்த கருப்பையைக் குறித்த சொல் பிற்காலத்தில் வெளியே வந்து வெளிப்பகுதிக்குப் பெயராகிவிட்டது. எனவே 'சொல்லின் ஆதிப் பொருள் இது, ஆகவே இதுதான் சரி' என்கிற வாதம் இங்கே செல்லாது. நானும் அந்த வாதத்தை வைக்கவில்லை.

இந்த இரண்டோடு மூன்றாவதாக ஒரு சொல் பல நூற்றாண்டுகள் இருந்தது. 'புடெண்டம்'. வெட்கப்பட வேண்டியது என்று பொருள். உடற்கூறியலின் சர்வதேசக் கலைச்சொல் பட்டியலில் 1998 வரையிலும் அது வல்வாவின் அதிகாரபூர்வப் பெயராக இருந்தது. 2019இல் வந்த இரண்டாம் பதிப்பில்தான் நீக்கினார்கள். அங்கே செல்லும் நரம்பின் பெயரில் அந்த 'வெட்கம்' இன்னமும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஜெர்மன் மொழியில் இதழ்களுக்கு 'வெட்க இதழ்கள்' என்றே பெயர். அதை 'வல்வா இதழ்கள்' என்று மாற்ற வேண்டும் என 2018இல் எழுத்தாளர் மிது சான்யாலும் குண்டா விண்ட்முல்லரும் ஒரு மனு இயக்கம் நடத்தினார்கள். சான்யால் அதற்கு முன்பே, 2009இல், 'வல்வா' என்ற தலைப்பில் ஒரு பண்பாட்டு வரலாறு எழுதியவர்.

ஆக மூன்று பெயர்கள். ஒன்று வாளை வைத்து, ஒன்று வெட்கத்தை வைத்து. வல்வா ஒன்றுதான் அந்தப் பகுதியை அதன் உருவத்தை வைத்துச் சொல்கிறது. புழக்கத்திலிருந்து காணாமல் போனதும் அதுதான்.

3

பெயர் காணாமல் போனதும் உறுப்பு காணாமல் போனதும் ஒன்றாகவே நடந்திருக்கின்றன. கேலனிலிருந்து மறுமலர்ச்சிக்காலம்வரை ஐரோப்பிய மருத்துவம் பெண்ணுறுப்பை உள்பக்கமாகத் திருப்பிய ஆணுறுப்பாகவே பார்த்தது என்பதை தாமஸ் லாக்கர் 1990இல் வந்த தன் நூலில் விரிவாகக் காட்டினார். 1543இல் வெசாலியஸ் வரைந்த படத்தில் வஜைனா அச்சு அசலாக ஆண்குறி போலவே இருக்கிறது. 1559இல் ரியால்டோ கொலம்போ கிளிட்டோரிஸைத் தான் கண்டுபிடித்ததாக உரிமை கொண்டாடினார். பெண்கள் அதற்கு முன்பே கண்டுபிடித்திருப்பார்கள் என்று அவருக்குத் தோன்றவில்லை போலும்! 1844இல் ஜெர்மானியர் கோபெல்ட் அதன் உள்ளமைப்பைத் துல்லியமாக வரைந்தார். அந்த அறிவு மருத்துவப் பாடநூல்களில் தங்கவில்லை. 1901இல் 'கிரேஸ் அனாடமி' படத்தில் பெயரிட்டுக் காட்டப்பட்டிருந்த கிளிட்டோரிஸ் 1940களின் இறுதியில் வந்த அமெரிக்கப் பதிப்பில் பெயரிடப்படாமல் போனது. 1998இல் ஆஸ்திரேலிய அறுவை மருத்துவர் ஹெலன் ஓ'கானல் தன் ஆய்வை வெளியிட்ட பிறகுதான் அதன் பெரும்பகுதி உள்ளே மறைந்திருக்கிறது என்பது மீண்டும் மருத்துவத்தின் பொது அறிவாகத் தொடங்கியது.

இடையில் ஃப்ராய்ட் வருகிறார். 1905இல் எழுதிய பாலியல் பற்றிய மூன்று கட்டுரைகளில், சிறுமி பெண்ணாக முதிர வேண்டுமானால் இன்பத்தின் மையம் கிளிட்டோரிஸிலிருந்து வஜைனாவுக்கு இடம்பெயர வேண்டும் என்றார். வல்வா குழந்தைமை, வஜைனா முதிர்ச்சி. இந்தக் கோட்பாட்டுக்குத் தன் உடலையே விலையாகக் கொடுத்தவர் ஃப்ராய்டின் சீடர் மரீ போனபார்ட். 1924இல் ஒரு புனைபெயரில், கிளிட்டோரிஸுக்கும் வஜைனா வாசலுக்கும் இடையிலுள்ள தூரத்தை அளந்து ஒரு ஆய்வு வெளியிட்டார். பிறகு அந்தத் தூரத்தைக் குறைப்பதற்காகத் தானே ஒன்றுக்கு மேற்பட்ட அறுவைச் சிகிச்சைகளுக்கு உட்பட்டார். பலன் இல்லை. கோட்பாட்டுக்கு உடல் பொருந்தவில்லை என்றதும் உடலை வெட்டித் திருத்தப் பார்த்தார்களே தவிர, கோட்பாட்டைத் திருத்தவில்லை. ஆன் கோட் 1968இல் தொடங்கி எழுதிய எதிர்ப்பு, லூஸ் இரிகரே 1977இல் 'இரண்டு இதழ்கள்' என்ற உருவகத்தைக் கொண்டு லிங்கமையச் சிந்தனைக்கு வெளியே யோசிக்க முயன்றது எல்லாம் இந்தப் பின்னணியில்தான் வருகின்றன. இரிகரேயின் உருவகம் உள்ளே இருக்கும் குழாயைப் பற்றியதல்ல என்பதைக் கவனிக்க வேண்டும். அது வல்வாவைப் பற்றியது.

நான் எடுத்துக்கொண்ட கேள்விக்கு நேராக வந்தவர் அமெரிக்க உளவியலாளர் ஹேரியட் லெர்னர். 1976இல் ஒரு உளப்பகுப்பாய்வு இதழில் அவர் வைத்த வாதம் எளிமையானது. பையனுக்கு அவன் தொட்டுப் பார்க்கும் உறுப்புக்குப் பெயர் சொல்லித் தருகிறோம். பெண் குழந்தைக்கு அவள் பார்க்க முடியாத உள்ளுறுப்பின் பெயரை மட்டும் சொல்லித் தருகிறோம். அவள் தொட்டு உணரும் பகுதிக்குப் பெயரே இல்லை. பெயர் இல்லாத ஒன்று தன்னிடம் இருப்பதைக் குழந்தை எப்படிப் புரிந்துகொள்ளும்? 'ஆண்குறிப் பொறாமை' என்று ஃப்ராய்ட் எதைச் சொன்னாரோ, அதில் ஒரு பங்கு இந்தப் பெயரிடாமையால் உண்டாக்கப்பட்டது என்றார் லெர்னர். இல்லாமை உடலில் இல்லை, அகராதியில் இருந்தது.

ஈவ் என்ஸ்லரின் 'தி வஜைனா மோனோலாக்ஸ்' 1996இல் மேடையேறியபோதும் லெர்னரின் விமர்சனம் இதுவாகவே இருந்தது. நாடகத்தில் பேசப்படுவதில் பெரும்பகுதி வல்வா, தலைப்போ வஜைனா. ஆனால் என்ஸ்லர் பக்கத்து நியாயத்தையும் சொல்ல வேண்டும். அந்த ஒரு சொல்லைப் பொதுவில் உச்சரிப்பதே அன்று போராட்டமாக இருந்தது. 2004இல் சென்னையில் அந்நாடகத்தை நிகழ்த்தக் காவல்துறை அனுமதி மறுத்தது நமக்கே தெரியும். லண்டனில் 2019இல் திறந்த அருங்காட்சியகத்துக்கும் 'வஜைனா மியூசியம்' என்றே பெயர். வாயே திறக்கக்கூடாது என்பவர்களிடம் முதலில் வாயைத் திறந்துதான் ஆக வேண்டும். சரியான சொல்லா என்ற கேள்வி அடுத்த கட்டம். நாம் இப்போது நிற்பது அந்த அடுத்த கட்டத்தில்.

4

இந்த இடத்தில் ஒரு வலுவான மறுப்பு இருக்கிறது. அதைத் தவிர்த்துவிட்டுப் போகக்கூடாது.

மொழியில் பொருள் என்பது புழக்கம். எல்லோரும் வஜைனா என்று சொல்லி அதனால் முழுப் பகுதியையும் குறிக்கிறார்கள் என்றால் அதுதான் அந்தச் சொல்லின் பொருள். இலக்கணப் போலீஸ் வேலை எதற்கு? வல்வாவே கருப்பையிலிருந்து வெளியே வந்த சொல்தானே என்றும் கேட்கலாம்.

தமிழிலிருந்தே உதாரணம் எடுக்கலாம். ஆங்கிலத்தில் 'ஹேண்ட்' வேறு, 'ஆர்ம்' வேறு. நமக்கு இரண்டும் கைதான். 'ஃபுட்', 'லெக்' இரண்டும் கால்தான். 'கால்ல முள்ளு குத்திடுச்சு' என்றால் பாதத்தில் என்று யாருக்கும் விளங்கும். 'வாய்' என்பது உள்ளே இருக்கும் குழியையும் வெளியே தெரியும் உதடுகளையும் சேர்த்தே குறிக்கிறது. வாய், உதடு என்று பிரித்துப் பேசாததால் யாரும் ஒடுக்கப்பட்டுவிடவில்லை. ஒரு மொழியில் தனிச்சொல் இல்லாவிட்டால் அந்த அனுபவமே இல்லை என்று சொல்கிற மொட்டையான மொழிக்கோட்பாட்டை நான் ஏற்கவில்லை.

அப்படியானால் வேற்றுமை எங்கே இருக்கிறது? இரண்டு விஷயங்களில் என்று படுகிறது.

முதலாவது, வாய் என்று பொதுவாகச் சொன்னாலும் தேவைப்படும்போது 'உதடு' என்று சொல்ல நம்மிடம் சொல் இருக்கிறது, கூச்சமில்லாமல் சொல்லவும் முடிகிறது. ஒரு சொல் விரிவதால் தீங்கில்லை. அது விரிந்து பக்கத்துச் சொல்லை விழுங்கிவிட்டால்தான் தீங்கு.

இரண்டாவது இதைவிட முக்கியமானது. கையில் எங்கே வலிக்கிறது என்று டாக்டர் கேட்டால் 'இங்க' என்று விரல் வைத்துக் காட்டலாம். சொல்லின் குறையைச் சுட்டுவிரல் நிரப்பிவிடும். இங்கே அது முடியாது. வகுப்பறையில் முடியாது, காவல் நிலையத்தில் முடியாது, நீதிமன்றத்தில் முடியாது, பல சமயம் மருத்துவமனையிலும் முடியாது. சுட்டிக்காட்டுவது தடுக்கப்பட்ட இடத்தில் சொல்தான் சுட்டுவிரலின் வேலையைச் செய்ய வேண்டியிருக்கிறது. அந்தச் சொல் தப்பான இடத்தைச் சுட்டினால், அல்லது 'அந்தப் பக்கம் எங்கேயோ' என்று மட்டும் சுட்டினால், அதைத் திருத்த வேறு வழியே கிடையாது. வல்வா என்கிற சொல் வேண்டும் என்று நான் சொல்வதற்குக் காரணம் அகராதித் தூய்மை அல்ல, இதுதான்.

5

இதைச் சட்டத்தில் வைத்துப் பார்ப்போம்.

1860இன் இந்தியத் தண்டனைச் சட்டம் பாலியல் வல்லுறவை வரையறுத்தபோது எந்த உறுப்பின் பெயரையும் சொல்லவில்லை. 'உட்புகுதல் போதும்' என்று மட்டும் சொன்னது. எதற்குள் என்ற கேள்வி நீதிமன்றங்களில் வந்துகொண்டே இருந்தது. எதிர்த்தரப்பு வழக்கறிஞர்களின் பழைய உத்தி இது: கன்னிச்சவ்வு கிழியவில்லை, உள்ளே காயமில்லை, ஆகவே குற்றமே நடக்கவில்லை. இதற்குப் பதிலாக நீதிபதிகள் திரும்பத் திரும்ப எடுத்துக்காட்டியது மோடியின் மருத்துவச் சட்டவியல் நூலை. வெளி இதழ்களுக்குள் அல்லது வல்வாவுக்குள் பகுதியளவு புகுந்தாலே போதும் என்று அந்நூல் சொன்னது. சட்டத்தில் இல்லாத அந்தச் சொல், வல்வா, ஒரு மருத்துவப் பாடநூலின் வழியாகத் தீர்ப்புகளுக்குள் நுழைந்து வேலை செய்துகொண்டிருந்தது.

2012 டிசம்பர் டெல்லிக் கொடுமைக்கும் வர்மா குழு அறிக்கைக்கும் பிறகு 2013இல் 375ஆம் பிரிவு திருத்தி எழுதப்பட்டது. இம்முறை உறுப்புகளின் பெயர்கள் வந்தன. வஜைனா, வாய், சிறுநீர்த்துளை, ஆசனவாய். கூடவே முதல் விளக்கக் குறிப்பு: இப்பிரிவைப் பொறுத்தவரை 'வஜைனா' என்பது வெளி இதழ்களையும் உள்ளடக்கும். 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 63ஆம் பிரிவிலும் அதே குறிப்பு அப்படியே தொடர்கிறது.

இந்தக் குறிப்பை ஒரு பிரதியாக வாசித்துப் பாருங்கள். சட்டத்துக்குத் தெரியும், வஜைனா என்ற சொல் போதவில்லை என்று. வெளி இதழ்கள் அதற்குள் வராது என்றும் தெரியும். ஆனாலும் வல்வா என்று எழுதவில்லை. உள்ளே இருப்பதன் பெயரை இழுத்து நீட்டி வெளியே இருப்பதன் மேல் போர்த்தியிருக்கிறார்கள். நடைமுறையில் இந்தக் குறிப்பு பாதிக்கப்பட்டவர்களுக்குப் பாதுகாப்பு. அதை நான் குறைத்து மதிப்பிடவில்லை. பெண்ணுறுப்பு என்றாலே முதலில் நினைவுக்கு வருவது புகும் வழி என்கிற பார்வை மட்டும் அந்தப் பாதுகாப்புக்குள்ளும் மாறாமல் இருக்கிறது.

குழந்தைகளுக்கான போக்சோ சட்டத்தில் (2012) சிக்கல் இன்னும் கூர்மையாகிறது. அதன் 7ஆம் பிரிவு பாலியல் நோக்கத்தோடு குழந்தையின் 'வஜைனாவைத் தொடுவது' பற்றிப் பேசுகிறது. சொல்லை உள்ளபடி எடுத்துக்கொண்டால், வெளியிலிருந்து தொடக்கூடியது வஜைனா அல்ல, வல்வா. உள்ளே இருக்கும் குழாயைத் தொட வேண்டுமானால் உட்புக வேண்டும். உட்புகுந்தால் அது 7ஆம் பிரிவே அல்ல, 3ஆம் பிரிவு. 7ஆம் பிரிவின் குற்றத்துக்குத் தண்டனை 3 முதல் 5 ஆண்டுகள். 3ஆம் பிரிவின் குற்றத்துக்கு 2019 திருத்தத்துக்குப் பிறகு குறைந்தது 10 ஆண்டுகள். குழந்தை 16 வயதுக்குக் கீழ் என்றால் குறைந்தது 20. தொடுதலுக்கும் புகுதலுக்கும் நடுவே உள்ள எல்லை எங்கே இருக்கிறது? வல்வாவில் இருக்கிறது, இதழ்களில் இருக்கிறது. அந்த இடத்துக்குப் பெயர் வைக்காத சட்டம் அந்த இடத்தில்தான் தண்டனையைப் பிரிக்கிறது. 375இல் உள்ளது போன்ற விளக்கக் குறிப்பும் போக்சோவுக்குள் எழுதப்படவில்லை. அதன் பொருளை அங்கிருந்து கடன் வாங்கித்தான் வாதாட வேண்டும்.

இனி அந்தக் குழந்தையை நினைத்துப் பாருங்கள். அது 'அங்க', 'கீழ', 'ஒண்ணுக்குப் போற எடத்துல' என்று சொல்லும். எழுதிக்கொள்பவர் 'பிறப்புறுப்பு' என்று எழுதுவார். ஆங்கிலத்தில் மாற்றுபவர் 'வஜைனா' என்பார். மூன்று கை மாறியதில் இடமும் மாறிவிட்டது. இத்தனைக்கும் குழந்தை சொன்னதுதான் உடற்கூறியல்படி சரி. சிறுநீர்த்துளை இருப்பது வல்வாவில்.

உள்ளே இருப்பதன் மேல் மட்டும் பார்வை குவிந்ததன் கொடூர வடிவம் இரு விரல் சோதனை. ஒரு பெண் சொல்வது உண்மையா என்று அவள் வஜைனாவின் தளர்வை வைத்துத் தீர்மானித்தார்கள். 2013இல் உச்சநீதிமன்றம் அது அந்தரங்க உரிமையையும் கண்ணியத்தையும் மீறுவது என்றது. 2022இல் மீண்டும் கண்டித்து, அதைச் செய்பவர் நடத்தைக்கேடு புரிந்தவர் ஆவார் என்று சொல்ல வேண்டியிருந்தது. இரண்டாம் முறை சொல்ல வேண்டியிருந்ததே அது எவ்வளவு ஆழமாக வேரோடியிருக்கிறது என்பதற்குச் சான்று.

6

மருத்துவத்திலும் சந்தையிலும் இதே குழப்பம் வேலை செய்கிறது. சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன்.

வஜைனா தன்னைத்தானே சுத்தம் செய்துகொள்கிறது. அங்கே வாழும் லாக்டோபேசிலஸ் பாக்டீரியாக்கள் அமிலத்தன்மையைக் காத்து நோய்க்கிருமிகளைத் தடுக்கின்றன. உள்ளே எதையும் ஊற்றிக் கழுவினால் அந்தச் சமநிலை கெட்டுத் தொற்று வரும் வாய்ப்பு கூடும். வல்வா தோல். அதைத் தண்ணீர் விட்டுக் கழுவலாம். ஒன்றுக்குக் கழுவுதல் தேவை, மற்றொன்றுக்குக் கேடு. இரண்டுக்கும் ஒரே பெயர் என்றால் 'வஜைனல் வாஷ்' என்று போத்தலில் எழுதி விற்பவனுக்குக் கொண்டாட்டம். 2012இல் அந்தப் பகுதியை வெளுப்பாக்கும் கழுவுநீம விளம்பரம் ஒன்று இந்தியத் தொலைக்காட்சிகளில் வந்தது. கணவன் முகத்தைத் திருப்பிக்கொள்கிறான், மனைவி கழுவுகிறாள், எல்லாம் சரியாகிவிடுகிறது! வெளுக்கச் சொன்னது வல்வாவின் தோலை. சாதி நிற அரசியல் அங்கேயும் இறங்கிவிட்டது.

பெண்ணுறுப்புச் சிதைப்பு இன்னொன்று. உலக சுகாதார நிறுவனம் அதை நான்கு வகையாகப் பிரிக்கிறது. வெட்டப்படுவது கிளிட்டோரிஸ், இதழ்கள், அதாவது வல்வா. இந்தியாவில் தாவூதி போரா சமூகப் பெண்களே முன்வந்து இதைப் பற்றிப் பேசினார்கள். 2017இல் பொதுநல வழக்காக உச்சநீதிமன்றத்துக்கு வந்து, 2018இல் பெரிய அமர்வுக்கு அனுப்பப்பட்டது. அந்தப் பெண்கள் முதலில் எதிர்கொண்டது, தங்களிடமிருந்து எது வெட்டப்பட்டது என்று சொல்ல வீட்டுமொழியில் சொல் இல்லாததை. இருந்தபோதே பெயர் இல்லாத ஒன்று பறிக்கப்பட்டால் இழப்பை எப்படி முறையிடுவது?

7

தமிழில் என்ன செய்வது? பெண்கள் உடல்நலம் பற்றிய துண்டுப் பிரசுரங்களை மொழிபெயர்க்க உட்காரும்போதெல்லாம் எனக்கு இந்தக் கேள்வி எழுகிறது. தோழர்கள் பலருக்கும் எழுந்திருக்கும்.

பாடநூல் தமிழில் வஜைனாவுக்குக் 'கலவிக் கால்வாய்' என்று ஒரு சொல் உண்டு. 'புணர்புழை' என்றும் எழுதுகிறார்கள். லத்தீனின் வாளுறையைத் தனித்தமிழில் மறுபடி தைத்திருக்கிறோம். அந்த வழியாகக் குழந்தை வருவதோ ரத்தம் வருவதோ பெயரில் இல்லை. கலவி ஒன்றுதான் இருக்கிறது. 'பிறப்புறுப்பு' பிள்ளைப்பேற்றை வைத்துப் பெயரிடுகிறது. நாளிதழ்களின் 'மர்ம உறுப்பு' துப்பறியும் கதைக்குத்தான் பொருந்தும். இஸ்லாமியத் தமிழில் வழங்கும் 'வெட்கத்தலம்' புடெண்டத்தின் நேர் உறவு. சமஸ்கிருதத்திலிருந்து வந்த 'யோனி' கருப்பை, பிறப்பிடம், பிறவி வகை, வெளிப்பகுதி எல்லாவற்றையும் ஒரே சொல்லில் அடக்கிக்கொண்டது. கோயிலில் அதை வணங்கலாம், வீட்டில் உச்சரிக்க முடியாது. சங்கப் பாடல்களின் 'அல்குல்' இடையா, இடுப்பா, பெண்குறியா என்று உரையாசிரியர்களும் ஆய்வாளர்களும் இன்னும் முடிவுக்கு வரவில்லை. அந்தச் சர்ச்சையிலேயே ஒரு கூச்சம் வேலை செய்திருக்கிறது என்று எனக்குச் சந்தேகம். பெண்கள் வீட்டுக்குள் தங்களுக்குள் பேசும் சொற்கள் வட்டாரத்துக்கு வட்டாரம் இருக்கின்றன. அவற்றில் சில ஆண்களின் வசவுச் சொற்களாகப் பறிக்கப்பட்டுவிட்டன. வசவாகிவிட்ட சொல்லைக் குழந்தைக்குச் சொல்லித் தர முடியவில்லை. மருத்துவச் சொல்லைக் குழந்தைக்கு விளங்கவைக்க முடியவில்லை.

குட்டி ரேவதியின் 'முலைகள்' 2002இல் வந்தபோது எழுந்த கூச்சலை மறந்திருக்க மாட்டோம். அங்கே சொல் ஏற்கெனவே இருந்தது, ஒரு பெண் அதைத் தன் பெயரில் சொன்னதுதான் பிரச்சினையாக்கப்பட்டது. இங்கே நிலைமை அதற்கும் முந்தையது. சொல்லையே தேடிக்கொண்டிருக்கிறோம்.

என் யோசனை எளியது. உள்ளே இருப்பதற்கு 'யோனிக்குழாய்' என்றும், வெளியே தெரியும் முழுப் பகுதிக்கு 'யோனி' என்றும் பிரித்து எழுதலாம். யோனி என்ற பழைய பொதுச்சொல்லைக் கண்ணுக்குத் தெரியும் பகுதிக்குக் கொடுத்துவிட்டு, மறைந்திருக்கும் பகுதிக்கு அடைமொழி சேர்ப்பது இது. இப்போது நடப்பதற்கு நேர் எதிர். இன்னொரு வழி, 'வல்வா' என்றே தமிழில் எழுதிப் பழக்குவது. 'கிட்னி'யும் 'யூட்ரஸ்'ஸும் கிராமத்துப் பெண்கள் வாயில் சரளமாக வருகிற காலத்தில் இது ஒன்றும் முடியாத காரியம் அல்ல. வசவு ஒட்டாத, வெட்கம் ஒட்டாத புதுச் சொல் என்பது அதன் பலம். வீட்டுக்கு வெளியிலிருந்து வந்தது என்பது பலவீனம். எது நிற்கும் என்பதைக் கட்டுரை எழுதுகிறவர்கள் தீர்மானிக்க முடியாது. அங்கன்வாடியில் குழந்தைகளோடு பேசுகிறவர்கள், கிராம சுகாதார செவிலியர்கள், போக்சோ வழக்குகளில் குழந்தை சொல்வதை எழுதிக்கொள்கிறவர்கள் ஆகியோர் வாயில் எது படிகிறதோ அது நிற்கும்.

எந்தச் சொல்லை எடுத்தாலும் மூன்றை மட்டும் கேட்டுப் பார்க்க வேண்டும். அது இடத்தைச் சுட்டுகிறதா? அதனுள் நுழைவதை வைத்தோ அதிலிருந்து வருவதை வைத்தோ அல்லாமல் அதையே சுட்டுகிறதா? ஆறு வயதுக் குழந்தை அதைத் தலை குனியாமல் சொல்ல முடியுமா? இந்த மூன்றாவது கேள்விக்கு 'ஆமாம்' என்று சொல்லக்கூடிய சொல் உங்கள் ஊரில், உங்கள் வீட்டில் இருந்தால் எழுதி அனுப்புங்கள். அதிலிருந்து தொடங்கலாம்.